எத்தனை பேர் ஏழைகள், யார் ஏழைகள்: ஒரு கோடு பட்டியலான வரலாறு

2011 செப்டம்பரில் இந்தியத் திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. அவ்வாண்டு ஜூன் மாத விலைவாசியில் நகரத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 32 ரூபாயும் கிராமத்தில் 26 ரூபாயும் ஒருவருக்கான வறுமைக் கோடு என்று அது கூறியது. நாடெங்கும் எழுந்த சீற்றம் பலருக்கு நினைவிருக்கும். 32 ரூபாயில் ஒருவர் ஒரு நாளைக் கழிக்க முடியுமா என்பதே அன்று எல்லோரும் கேட்ட கேள்வி. அது நியாயமான கேள்விதான். ஆனால் நீதிமன்றத்தின் முன் இருந்த சிக்கல் வேறு. 2001ஆம் ஆண்டு மக்கள் குடியுரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கின் ஒரு கட்டம் அது. ஒரு மாநிலத்தில் இத்தனை விழுக்காட்டினருக்கு மேல் மலிவு விலைத் தானியம் கிடையாது என்னும் உச்சவரம்பை எந்த அடிப்படையில் வகுத்தீர்கள் என்பதே அங்கே விவாதப் பொருள். கோட்டின் உயரத்தைப் பற்றிப் பேசிய நாம், அந்தக் கோடு எந்த வேலைக்குப் பயன்படுத்தப்பட்டது என்பதைப் போதுமான அளவு பேசவில்லை.

வறுமை குறித்து ஓர் அரசு கேட்கத்தக்க கேள்விகள் இரண்டு உண்டு. எத்தனை பேர் ஏழைகள் என்பது ஒன்று. யார் யார் ஏழைகள் என்பது மற்றொன்று. முதற்கேள்விக்குச் சில ஆயிரம் குடும்பங்களை மாதிரியாக எடுத்து ஆராய்ந்தால் விடை கிடைக்கும். இரண்டாவதற்கு ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டியாக வேண்டும். முதலாவது புள்ளியியலாளரின் பணி. இரண்டாவது ஊராட்சிச் செயலரும் வருவாய்த் துறை ஊழியரும் கிராம சபையும் செய்ய வேண்டிய பணி. இந்தியாவில் இவ்விரண்டும் தனித்தனியே பிறந்தவை. பிற்காலத்தில் ஒன்றன் விடையை மற்றொன்றின் மீது ஏற்றியதால் விளைந்த இழப்பை ஏழைக் குடும்பங்கள் இன்றுவரை சுமக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

யார் ஏழை என்னும் கேள்விக்குக் காலனிய அரசு கண்ட விடை கொடியது, ஆனால் எளியது. 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலைக்கு வருவோரின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமாகக் குறைத்தார். வேலை கடினமாகவும் கூலி குறைவாகவும் இருந்தால் வேறு வழியே இல்லாதவர் மட்டும்தான் வருவர். ஆகவே யாருடைய வறுமையையும் விசாரித்து அறிய வேண்டியதில்லை என்பது இதன் பின்னிருந்த கருத்து. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு அந்த அளவு உணவு போதாது என்று அவர் மருத்துவ அடிப்படையில் வாதிட்டார். ஒரு மனிதன் உயிர் தரிக்க எவ்வளவு உணவு வேண்டும் என்று இந்நாட்டில் அரசு அதிகாரிகளிடையே நிகழ்ந்த தொடக்ககால விவாதங்களுள் அதுவும் ஒன்று. பின்னர் வந்த பஞ்சக் குழுவின் 1880ஆம் ஆண்டு அறிக்கையும், அதை ஒட்டி எழுந்த பஞ்சநிவாரணச் சட்டத் தொகுப்புகளும் இந்த 'உழைப்புச் சோதனை'யை நிலைநிறுத்தின.

எத்தனை பேர், எவ்வளவு வறுமை என்னும் கேள்வியைக் கையிலெடுத்தவர் தாதாபாய் நவ்ரோஜி. 1876இல் அவர் படித்த 'இந்தியாவின் வறுமை' என்னும் கட்டுரை, 1867-70ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் இந்தியாவில் தலைக்கு ஆண்டு வருமானம் ஏறத்தாழ 20 ரூபாய் என்று கணக்கிட்டது. உயிர் வாழ எவ்வளவு வேண்டும் என்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல்தான் இங்கே கவனிக்கத்தக்கது. கல்கத்தாவிலிருந்து கூலிகளாகக் கடல் கடந்து செல்வோருக்குக் கப்பலில் தரப்பட வேண்டிய உணவு அளவை அரசின் மருத்துவ அதிகாரி வகுத்திருந்தார். நவ்ரோஜி அதை எடுத்து விலைபோட்டார். இடத்துக்கு இடம் வேறுபட்டு, தலைக்கு ஆண்டுக்கு 16 ரூபாய் முதல் 35 ரூபாய் வரை தேவை என்னும் முடிவுக்கு வந்தார். சிறைக் கைதிகளுக்கு அரசு செலவிடும் தொகையையும் அருகில் வைத்துக் காட்டினார். அரசு தன் கைதிக்கும் தன் கூலிக்கும் இன்றியமையாததென்று தானே ஒப்புக்கொண்ட அளவுகூடச் சராசரிக் குடிமகனுக்குக் கிட்டவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. அந்தக் கோடு ஆட்சியை நோக்கி நீட்டப்பட்ட விரல். யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்று பிரிப்பதற்காக அது வரையப்படவில்லை.

இந்த மரபே விடுதலைக்கு முன்னும் பின்னும் தொடர்ந்தது. 1938இல் சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவராக இருந்தபோது அமைக்கப்பட்டு நேரு தலைமை வகித்த தேசியத் திட்டமிடல் குழு, தலைக்கு மாதம் 15 முதல் 20 ரூபாய் வரை குறைந்தபட்சத் தேவை என்றது. 1944இல் தொழிலதிபர்கள் வெளியிட்ட பம்பாய்த் திட்டம் ஆண்டுக்கு 75 ரூபாய் என்றது. 1962இல் திட்டக் குழு அமைத்த பணிக்குழு, 1960-61ஆம் ஆண்டு விலையில் தலைக்கு மாதம் 20 ரூபாய் என்னும் இலக்கை முன்வைத்தது. கல்விக்கும் மருத்துவத்துக்கும் ஆகும் செலவை இத்தொகையில் அக்குழு சேர்க்கவில்லை. அவற்றை அரசே வழங்கும் என்பது எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பு பெருமளவு பொய்த்த பிறகும் கோட்டைக் கணக்கிடும் முறை நெடுங்காலம் அப்படியே நின்றது.

1963 ஆகஸ்டில் மக்களவையில் நிகழ்ந்த ஒரு விவாதத்தை இங்கே சொல்லாமல் கடக்க முடியாது. ஃபரூக்காபாத் இடைத்தேர்தலில் வென்று அவைக்குள் புதிதாக நுழைந்திருந்த ராம் மனோகர் லோகியா, இந்நாட்டில் 27 கோடிப் பேர் நாளொன்றுக்கு மூன்று அணாவில் வாழ்கின்றனர் என்றார். பிரதமர் நேரு, திட்டக் குழுவின் கணக்கைச் சுட்டி, அது பதினைந்து அணா என்றார். பதினைந்து அணா நாட்டு மக்கள் அனைவருக்குமான சராசரி. லோகியா பேசியதோ அடித்தட்டில் கிடந்த பெரும்பகுதியைப் பற்றி. செல்வரையும் ஏழையையும் ஒரே சராசரியில் கலந்துவிட்டால் ஏழை கண்ணுக்குப் புலப்படமாட்டார் என்பதை அந்தச் சொற்போர் நாட்டுக்கு உணர்த்தியது.

அதற்கு உரிய கருவி அதற்குள் உருவாகிவிட்டிருந்தது. 1950இல் மகலனோபிஸ் முயற்சியால் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு, குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவிடுகின்றன என்னும் விவரங்களைச் சுற்றுச் சுற்றாகத் திரட்டிவந்தது. அவற்றைக் கொண்டு புனே கோகலே ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வி. எம். தாண்டேகரும் நீலகண்ட ரத்தும் 1971இல் வெளியிட்ட ஆய்வு, நாளொன்றுக்கு 2,250 கலோரி என்பதை அடிப்படையாகக் கொண்டது. கிராம மக்களில் 40 விழுக்காட்டினரும் நகர மக்களில் 50 விழுக்காட்டினரும் அந்த அளவு உணவுக்கும் வழியற்றவர்கள் என்று அது காட்டியது. 1979இல் ஒய். கே. அலக் தலைமையிலான பணிக்குழு கிராமத்துக்கு 2,400 கலோரி, நகரத்துக்கு 2,100 கலோரி என்று வகுத்தது. அதற்கு நிகராக, 1973-74ஆம் ஆண்டு விலையில் மாதம் 49.09 ரூபாயையும் 56.64 ரூபாயையும் கோடாக நிறுவியது. 1993இல் லக்டவாலா குழு மாநிலந்தோறும் விலை வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு தனித்தனிக் கோடுகளைப் பரிந்துரைத்தது.

அலக் குழுவின் கோடு எப்படிப் பிறந்தது என்பதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். எந்தச் செலவு மட்டத்தில் உள்ளோர் சராசரியாக 2,400 கலோரி உண்கின்றனரோ அந்தச் செலவுதான் கோடு. பின்வந்த ஆண்டுகளில் விலைவாசிக்கேற்ப அந்தத் தொகை உயர்த்தப்பட்டதே தவிர, அத்தொகையில் உண்மையில் எவ்வளவு உண்ண முடிகிறது என்பது திரும்பச் சரிபார்க்கப்படவில்லை. கோட்டின் மேல் நிற்பவர் உண்ணும் உணவு காலப்போக்கில் 2,400 கலோரிக்கு வெகுவாகக் கீழிறங்கிவிட்டது என்று உத்சா பட்நாயக் போன்ற பொருளியலாளர்கள் சுட்டிக்காட்டினர். 1999-2000ஆம் ஆண்டு ஆய்விலோ வேறொரு குழப்பம். உணவுச் செலவைக் கடந்த 30 நாளுக்குச் சொல்லுங்கள் என்று கேட்பதே நெடுங்கால வழக்கம். அம்முறை கடந்த 7 நாளுக்கும் சேர்த்துக் கேட்டனர். 1993-94இல் 36 விழுக்காடாக இருந்த வறுமை 26.1 விழுக்காடாகக் குறைந்தது என்று அறிவிக்கப்பட்டது. வீழ்ச்சியில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கேள்வி கேட்ட முறையின் விளைவு என்பது பற்றி ஆங்கஸ் டீட்டன், ஜான் திரேஸ் உள்ளிட்டோர் ஆண்டுக்கணக்கில் விவாதித்தனர். வினாத்தாளில் ஒரு கட்டம் மாறினால் கோடிக்கணக்கானோர் கோட்டைத் தாண்டிவிடக்கூடிய அளவுக்கு நுண்மையான கருவி அது. நாட்டின் போக்கை அறிய அது போதும். ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் தட்டில் சோறு விழுமா என்று தீர்மானிக்க அது போதாது.

ஆனால் அந்த வேலைக்கும் அது பூட்டப்பட்டது. 1980 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் எல்லா வட்டாரங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்ட ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சித் திட்டம், கறவை மாடோ தையல் எந்திரமோ வாங்க ஏழைக் குடும்பங்களுக்கு மானியமும் கடனும் தந்தது. அதற்குப் பெயர்ப்பட்டியல் தேவைப்பட்டது. 1992இல் கிராமப்புறங்களில் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோரை இனங்காண நடந்த கணக்கெடுப்பு, ஆண்டு வருமானம் 11,000 ரூபாய்க்குக் கீழ் உள்ள குடும்பங்களைத் தேடியது. விதைப்புக்கும் அறுப்புக்கும் இடையே வேலை கிடைத்தால் கூலி, இல்லையேல் கடன் என்று வாழும் ஒருவரிடம் உன் ஆண்டு வருமானம் என்ன என்று கேட்டால் அவர் எதைச் சொல்வார்? சொல்வதை எதைக்கொண்டு சரிபார்ப்பது? இந்த இடர்ப்பாட்டால் 1997ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முதலில் வீட்டுப் பொருள்களைப் பார்த்தது. இரண்டு ஹெக்டேருக்கு மேல் நிலம், காரை வீடு, தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, மோட்டார் சைக்கிள், கூரையில் மின்விசிறி ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் அக்குடும்பம் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டது.

அதே 1997 ஜூனில்தான் பெரிய திருப்பம் நேர்ந்தது. அதுவரை பெரும்பாலும் அனைவருக்குமானதாக இருந்த பொது விநியோகத் திட்டம், 'இலக்கு நோக்கிய' திட்டமாக மாற்றப்பட்டது. கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு ஒரு விலை, மேல் உள்ளோருக்கு வேறு விலை. எந்த மாநிலத்துக்கு எத்தனை ஏழைக் குடும்பங்களுக்கான தானியம் என்பதைத் திட்டக் குழுவின் வறுமை மதிப்பீடு தீர்மானித்தது. நவ்ரோஜி ஆட்சியைக் குற்றஞ்சாட்டப் பயன்படுத்திய அளவுகோல் வழிவந்த ஒரு கணக்கு, குடிமக்களை வடிகட்டும் சல்லடையாக இப்படித்தான் மாறியது. தமிழ்நாடு இந்தப் பிரிவினையை ஏற்காமல் அனைவருக்குமான ரேஷனைத் தொடர்ந்தது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

2002ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இந்த இணைப்பை முழுமையாக்கியது. நிலம், வீடு, உடை, உணவு, கழிப்பறை, கல்வி, கடன், இடப்பெயர்ச்சி முதலிய 13 குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 52. குறைந்த மதிப்பெண் பெற்றவர் மிக ஏழை. காகிதத்தில் இது நேர்த்தியாகத் தோன்றும். களத்திலோ வேறு. குடும்பத்தில் ஒருவர் பள்ளிப்படிப்பை முடித்திருந்தால் மதிப்பெண் கூடும். அவர் வேலையின்றி இருந்தாலும் கூடும். பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பினால் கூடும். கூலிக்காரர் சிறுகச் சேமித்துக் கழிப்பறை கட்டினால் கூடும். அரசு தன் பிற திட்டங்களின் வழியே எவற்றையெல்லாம் செய்யச் சொன்னதோ, அவற்றைச் செய்த ஏழை தன் அட்டையைப் பணயம் வைத்தார்.

இதைவிடப் பெரிய சிக்கல், மதிப்பெண்ணின் வெட்டுப்புள்ளி எங்கே என்பதுதான். அது கிராமத்தின் நிலையைப் பார்த்து முடிவாகவில்லை. பட்டியலில் சேரும் குடும்பங்களின் எண்ணிக்கை, திட்டக் குழுவின் 1999-2000ஆம் ஆண்டு மதிப்பீட்டோடு ஒத்துப்போக வேண்டும்; மிஞ்சினால் பத்து விழுக்காடு கூடலாம் என்பது விதி. கேள்வி கேட்ட முறையால் சர்ச்சைக்குள்ளான அதே மதிப்பீடுதான் அது! எத்தனை பேர் என்பது தில்லியில் முன்கூட்டியே முடிவாகிவிட, யார் என்பதை அந்த எண்ணுக்குள் அடக்குவதே ஊராட்சியின் பணியாயிற்று. ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் மற்றொருவரை நீக்க வேண்டும். அப்படி இடம் நெருங்கும்போது யார் குரல் ஓங்கும், யார் குரல் அமுங்கும் என்பதை நம் கிராமங்களை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நிலமற்ற தலித் குடும்பங்களும், தனித்து வாழும் விதவைகளும், கணக்கெடுப்பின்போது வேலை தேடி வெளியூர் சென்றிருந்தவர்களும் விடுபடுவதற்கான வழி அந்த முறையிலேயே இருந்தது.

விளைவு விரைவிலேயே எண்களில் தெரிந்தது. 2004-05ஆம் ஆண்டை ஒட்டிய தேசிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஜான் திரேஸும் ரீத்திகா கேராவும், கிராமப்புற ஏழைக் குடும்பங்களில் ஏறத்தாழ பாதியிடம் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கான அட்டை இல்லை என்று எழுதினர். கோடு எவ்வளவு தாழ்ந்தது என்பது ஒரு குறை. அந்தத் தாழ்ந்த கோட்டுக்கும் கீழே கிடந்தவர்களில் பாதிப்பேரைப் பட்டியல் காணவில்லை என்பது அதனினும் பெரிய குறை.

இத்தகைய பட்டியல்களில் இருவகைப் பிழை உண்டு. தகுதியற்றவர் சேர்வது ஒன்று. தகுதியுள்ளவர் விடுபடுவது மற்றொன்று. ஆட்சியாளரின் கவலையும் செய்தித்தாள்களின் கவலையும் பெரும்பாலும் முதலாவதைப் பற்றியே. 'போலி அட்டை' என்னும் சொல் நாமறிந்தது, 'கிடைக்காத அட்டை' என்று ஒரு சொல் வழக்கில் இல்லை. முதற்பிழையால் கருவூலத்துக்குச் சிறிது பணம் நட்டம். இரண்டாவதால் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. இவ்விரண்டையும் ஒரே நிறையாக வைப்பது கணக்குக்குச் சரியாகலாம், அறத்துக்குச் சரியாகாது.

2009ஆம் ஆண்டு இரண்டு குழுக்கள் அறிக்கை தந்தன. சுரேஷ் டெண்டுல்கர் குழு எத்தனை பேர் என்பதை மீண்டும் கணக்கிட்டு, 2004-05இல் வறியோர் 27.5 விழுக்காடு அல்லர், 37.2 விழுக்காடு என்றது. என். சி. சக்சேனா குழு யார் என்பதற்குப் புதிய வழியைத் தேடியது. வசதியுள்ளோரைத் தெளிவான அடையாளங்களால் விலக்கி, மிகவும் நலிந்தோரைக் கேள்வியின்றிச் சேர்த்து, எஞ்சியோரை மதிப்பிடலாம் என்றது. 2011 செப்டம்பரின் பிரமாணப் பத்திரம் டெண்டுல்கர் கணக்கின் நீட்சியே. சீற்றம் வெடித்த சில நாட்களில், அக்டோபர் தொடக்கத்தில், திட்டக் குழுத் துணைத் தலைவர் மாண்டேக் சிங் அலுவாலியாவும் ஊரக வளர்ச்சி அமைச்சர் ஜெய்ராம் ரமேஷும் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டனர். திட்டக் குழுவின் வறுமை மதிப்பீடுகளை வைத்து, நலத்திட்டங்களில் சேரும் குடும்பங்களின் எண்ணிக்கைக்கு இனி உச்சவரம்பு விதிக்கப்படாது என்பது அதன் சாரம். 32 ரூபாய் பற்றிய கூச்சலில் இந்த அறிவிப்பு அதிகம் கவனிக்கப்படவில்லை. என் பார்வையில் அந்த ஆண்டின் முதன்மையான நிகழ்வு இதுதான்.

சக்சேனா குழுவின் அணுகுமுறை சில மாற்றங்களுடன் 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில் வடிவம் பெற்றது. 2015 ஜூலையில் வெளியான முடிவுகளின்படி, 17.91 கோடி கிராமக் குடும்பங்களில் 7.05 கோடி குடும்பங்கள் விலக்கப்பட்டன. வீடற்றோர், பிச்சையெடுத்து வாழ்வோர், மனிதக் கழிவகற்றுவோர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள், தொல்குடியினர் என்று தாமாகச் சேர்க்கப்பட்டவை 16.50 லட்சம் குடும்பங்கள். ஏழுவகை இல்லாமைகளில் ஒன்றேனும் உள்ளவை 8.69 கோடி. வீட்டு வசதித் திட்டத்துக்கும் 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுக்கும் இந்தக் கணக்கெடுப்பே அடித்தளம். முந்தைய பட்டியல்களைவிட இது மேம்பட்டதுதான். ஆயினும் இருசக்கர வாகனம் வைத்திருந்தவரை வசதியுள்ளவராகக் கொண்ட அந்த விதி, தவணையில் பழைய வண்டி வாங்கிக் கட்டட வேலைக்குப் போகும் தொழிலாளியையும் வெளியே தள்ளியது. காலம் நகர நகரப் பொருள்களின் பொருளே மாறிவிடுகிறது. பட்டியல் மட்டும் அந்த ஆண்டிலேயே நின்றுவிடுகிறது.

2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது வறுமைக் கோடு என்னும் சொல் ரேஷன் கடையிலிருந்து ஏறத்தாழ விடைபெற்றது. கிராம மக்களில் 75 விழுக்காட்டினருக்கும் நகர மக்களில் 50 விழுக்காட்டினருக்கும் தானியம் உரிமையாயிற்று. இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கோடு போனதே தவிர, ஒதுக்கீட்டு எண் போகவில்லை. மாநிலத்துக்கு எத்தனை பேர் என்பதை மத்திய அரசு வகுக்கும். யார் என்பதை அந்த எண்ணுக்குள் மாநில அரசு கண்டறிய வேண்டும். 2002இன் அதே கட்டமைப்பு, அகன்ற வாயிலோடு.

அந்த எண்ணும் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகையின் மீது நிற்கிறது. அன்றைய 121 கோடியில் மூன்றில் இரண்டு பங்கு என்பதால் சுமார் 81 கோடிப் பேர். 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறிக்கப்பட்டுள்ளது. மக்கள்தொகை 140 கோடியைத் தாண்டிய நிலையில் அதே விகிதத்தைப் பொருத்தினால் 94 கோடியை நெருங்கும். இடையில் உள்ள பன்னிரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் யாருடைய கெடுபிடியாலும் நீக்கப்பட்டவர்கள் அல்லர். கணக்கு புதுப்பிக்கப்படாததால் விடுபட்டவர்கள். மணமாகிப் புதுக்குடித்தனம் வந்த பெண்ணும் அவர் பெற்ற பிள்ளைகளும் அட்டையில் சேர, யாரேனும் இறக்கவோ நீக்கப்படவோ காத்திருக்கும் நிலை இதனால்தான் உண்டாகிறது.

இதற்கு மாற்றே இல்லையா? நம் வரலாற்றிலேயே இரண்டு மாற்றுகள் உண்டு. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் யாரையும் ஏழையா என்று கேட்கவில்லை. உடலுழைப்புக்கு முன்வரும் எந்தக் கிராமக் குடும்பமும் ஆண்டுக்கு 100 நாள் வேலை கோரலாம் என்றது. டெம்பிள் காலத்து உழைப்புச் சோதனையின் தர்க்கம் இதிலும் இருக்கிறது. வேறுபாடு என்னவென்றால், அங்கே கூலி மனிதரை விரட்டுவதற்காகக் குறைக்கப்பட்டது; இங்கே அது சட்டம் உறுதிசெய்த உரிமையாயிற்று. இரண்டாவது மாற்று, ஏழையைத் தேடுவதை விட்டு, வசதியுள்ளவரை மட்டும் நீக்குவது. 2012இல் சத்தீஸ்கர் இயற்றிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வழியில் சென்றது. அதற்கும் அப்பால் அனைவருக்கும் தருவது என்னும் தமிழ்நாட்டு வழி இருக்கிறது.

வறுமையை அளக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2011-12ஆம் ஆண்டுக்குப் பிறகு அரசின் அதிகாரபூர்வமான நுகர்வு வறுமை மதிப்பீடு ஒன்றும் வெளிவரவில்லை. 2017-18ஆம் ஆண்டு நுகர்வுச் செலவு ஆய்வின் முடிவுகள் வெளியிடப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டன. அளப்பதை நிறுத்தினால் ஆட்சியைக் கேள்வி கேட்கும் கருவியை இழக்கிறோம். நவ்ரோஜி அளந்ததும் லோகியா மூன்று அணா என்று வாதிட்டதும் அந்தக் கேள்விக்காகத்தான். எத்தனை பேர் என்னும் கணக்கு அரசு தன்னைச் சோதித்துக்கொள்வதற்கு உரியது. அந்த எண்ணைக் கிராமத்துக்குக் கொண்டுபோய், இத்தனை பேருக்கு மேல் இங்கே ஏழைகள் இருக்கக் கூடாது என்று ஊராட்சி வாசலில் ஒட்டுவதற்கு அது உரியதன்று. 2027ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் பிறகு புதிய ஒதுக்கீடுகள் வகுக்கப்படும். எந்த எண்ணை வைத்து, யார், எந்த இடத்தில் கோடு கிழிக்கிறார்கள் என்பதை இம்முறையேனும் நாம் தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டும்.